மெய்ப்பாடும் மெதுவடையும்: அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடைகளை முன்வைத்து

தொல்காப்பியர் மெய்ப்பாடு, அதாவது உடலில் வெளிப்படும் உள்ளத்து உணர்ச்சி, எட்டு என்றார். மாலை நாலு மணிக்கு வரும் வடைப்பசியை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. அவர் காலத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டை இல்லை. அது 1960-களில்தான் வந்தது. ஆகவே அவரைக் குறை சொல்வதற்கில்லை. விடுபட்டதை நிரப்புவது பிற்காலத்தார் கடன்.

ஆய்வுக்களம், டீக்கடையின் கண்ணாடிப் பெட்டி. மாஸ்டர் ஜல்லிக்கரண்டியில் வடையை அள்ளி எண்ணெய் வடியவிட்டுத் தட்டில் கொட்டுகிறார். டயட்டில் இருப்பவர் ஒன்றை எடுத்துப் பழைய செய்தித்தாளில் வைத்து இரு உள்ளங்கைகளுக்கு நடுவே அழுத்துகிறார். மறுபக்கத்துச் செய்தி இந்தப் பக்கம் தெரிகிறது. "எண்ணெய் போயிடுச்சு சார்" என்று தமக்குத் தாமே சான்றிதழும் வழங்கிக்கொள்கிறார். உளுந்துக்குள் போன எண்ணெய் காகிதத்துக்கு வராது என்பதை அவரிடம் சொல்வது ஆய்வு நெறிக்குப் புறம்பானது.

இனி வகைப்பாடு. வெகுளி மிளகாய் பஜ்ஜியை நாடும். சூப்பர்வைசரிடம் ஏச்சு வாங்கியவர் வாழைக்காய் பஜ்ஜி கேட்டு யாம் கண்டதில்லை. அழுகை பன் பட்டர் ஜாமில் போய் நிற்கும். அச்சம், அதாவது மாதக் கடைசியில் இ.எம்.ஐ. குறுஞ்செய்தி வருவது, மிக்சரில் முடியும். கண் போனில் இருக்கும், கை பொட்டலத்துக்கும் வாய்க்குமாகப் போய்வரும். உவகைக்குப் பிரியாணி என்பதை விளக்க வேண்டியதில்லை. இளிவரல்தான் விசித்திரம்: சட்டைப் பொத்தான் வயிற்றில் சேரவில்லை என்ற வருத்தத்தைச் சமோசா தின்று ஆற்றுகிறார்கள். எல்லாவற்றிலும் ஆபத்தானது பெருமிதம். "ஒரு வாரமா கரெக்டா இருக்கேன்" என்பவர் அந்தச் சாதனைக்குப் பரிசாக வாங்குவதும் வடையே.

வாயைக் கட்டுவது இப்படி வடையில் முடிவதற்கு அயல்நாட்டுச் சான்றும் உண்டு. 1975-இல் ஹெர்மன், மேக் என்ற இருவர் மாணவிகளுக்கு மில்க் ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீம் ருசிபார்க்கச் சொன்னார்கள். சாதாரணமாகச் சாப்பிடுபவர்கள் மில்க் ஷேக் குடித்தபின் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். வாயைக் கட்டியவர்களோ கூடுதலாகத் தின்றார்கள். விரதம் கலைந்ததே, இனி என்ன! "ஒண்ணு தின்னாச்சு, இன்னொண்ணுல என்ன வந்துடப் போவுது" என்று ஆவடி மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர் சொல்வதும் அதே கோட்பாடுதான். எனவே வடையே கூடாது என்ற சபதம்தான் மூன்று வடைக்குக் காரணம் என்பது எமது துணிபு. செவ்வாயும் வெள்ளியும் ஒரு வடை என்று முன்கூட்டியே எழுதிவைத்தவருக்குக் கலைக்க விரதம் இல்லை.

இது வெறும் விளையாட்டும் அல்ல. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் உடல் நிறைக் குறியீடு 25 அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள். நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 23-இலிருந்தே கவனம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள்.

மனப்பசியை வயிற்றுப்பசியிலிருந்து பிரிக்க யாம் பரிந்துரைப்பது மோர்சாதச் சோதனை. நாலு மணிக்கு, "மோர்சாதமும் நார்த்தங்காயும் இருக்கு, சாப்பிடறியா?" என்று தன்னையே கேட்க வேண்டும். சரி என்றால் பசி உண்மை. பெரும்பாலும் காலையில் டிபன் தின்னாமல் ரயிலேறிய பசி. அதற்குச் சுண்டல் போதும். "ச்சே, மோர்சாதமா!" என்றால் கேட்பது வயிறு அல்ல, சூப்பர்வைசர். அவருக்காக எஸ்டேட்டை ஒரு சுற்று நடந்துவரலாம். சில நிமிடங்களில் அந்த ஆசை தணிவது உண்டு. தணியாவிட்டால் ஒரு வடை, உட்கார்ந்து, போனைப் பையில் வைத்துவிட்டு.

பூந்தமல்லியில் இரவு பத்து மணிக்கு மேல் கொத்துப் பரோட்டாக் கல்லின் தாளம் கேட்டதும் பசி பிறப்பது காதின் வழியாகவா மூக்கின் வழியாகவா என்பது இக்கட்டுரையின் எல்லைக்கு வெளியே உள்ளது. அதற்குத் தனிக் களப்பணி தேவை. நிதி கேட்டு வீட்டில் விண்ணப்பித்திருக்கிறோம். இட்லி மாவு ஃப்ரிட்ஜில் இருக்கிறது என்று பதில் வந்துள்ளது.