வெளிநாட்டுப் பக்கத்தில் வன்னிக்கு ஓர் இடம்

கொழும்பு நாளேடுகளின் வெளிநாட்டுச் செய்திப் பொறுப்பாசிரியர்களுக்கு,

காசாவைப் பற்றி நீங்கள் போடுவதை வன்னியில் ஒரு வரி விடாமல் வாசிக்கிறோம். செத்த பிள்ளையின் பெயர், வயது, படித்த வகுப்பு எல்லாம் இருக்கும். ஆஸ்பத்திரியில் குண்டு விழுந்தால் தலையங்கமே அழும். அழவேண்டியதுதான், அதில் ஒரு சொல்லும் குறைக்கவேண்டாம். எங்கள் விண்ணப்பம் வேறு: வன்னியையும் உங்கள் பக்கத்துக்கு மாற்றித் தாருங்கள்.

பதறாதீர்கள், தனிநாடு கேட்கவில்லை. அதற்கு அரசியலமைப்புக்கு 1983இல் வந்த ஆறாம் திருத்தம் குறுக்கே நிற்கிறது. ஒரு பத்தி போதும்.

தகுதி உண்டா என்பீர்கள். எங்கள் பங்கருக்கு மேலே சுற்றிய கிபிர் விமானம் இஸ்ரேலில் செய்தது. 2009 ஜனவரியில் காசாவும் வன்னியும் ஒரே நேரத்தில்தான் எரிந்தன. அங்கே நிருபர்களை உள்ளே விடவில்லை; இங்கும் விடவில்லை. இங்கே ஒருபடி மேலே, 2008 செப்டெம்பரிலேயே ஐ.நா. பணியாளர்களும் போய்விட்டார்கள். கிளிநொச்சி அலுவலக வாசலில் சனம் போகவேண்டாமென்று மன்றாடி நின்றது.

2009 பெப்ரவரியில் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியில் செல் விழுந்தது. அரசாங்கமோ பொதுமக்கள் இழப்பு பூச்சியம் என்றது. 2011இல் ஐ.நா. நிபுணர் குழு 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று எழுதியது. தப்பியோடியவர்களைப் புலிகள் சுட்டதையும் அதே அறிக்கை சொன்னது. அந்தச் சனத்தையும் விட்டுவிடாதீர்கள். எந்தக் கணக்கிலும் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை.

உங்கள் பயம் எங்களுக்கு விளங்காமலில்லை. பத்திரிகையாசிரியர் லசந்த விக்கிரமதுங்கவை 2009 ஜனவரி 8 அன்று பட்டப்பகலில் கொன்றார்கள். இப்போது கொஞ்சம் தெளிந்திருப்பீர்கள் என்று நம்புகிறோம். 2024இல் அரசாங்கமே காசாச் சிறுவர்களுக்கு நிதியம் தொடங்கியது. நல்ல காரியம். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுக் கிளிநொச்சித் தாய்மார் 2017 பெப்ரவரி 20இல் வீதிக்கு வந்தார்கள். அவர்கள் கேட்டது காசல்ல, பதில். அதற்கு இன்னும் நிதியம் தொடங்கவில்லை. 2023 ஜூனில் முல்லைத்தீவின் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க்குழாய் போடத் தோண்டிய கிடங்கில் மனித எலும்புகள் வந்தன. அது உள்ளூர்ச் செய்தி என்பதால் உங்கள் மேசைக்கு வந்திராது.

செய்முறை சுலபம். முல்லைத்தீவு மத்தியதரைக் கடலோரம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பேனை தானே ஓடும். நேரில் வருவதென்றால் விசா வேண்டாம். ஏ-9 வீதியால் பஸ் ஓடுகிறது. ஓமந்தைச் சோதனைச்சாவடியையும் எடுத்துவிட்டார்கள். இனி மறிப்பதற்கு அங்கே ஒருவருமில்லை. சாட்டுக்கு வேறு இடம் பார்க்கவேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
உள்நாட்டுச் செய்தியாக இருந்து அலுத்துப்போன
வன்னிச் சனம்