தொந்தியும் தோள்பையும்: மலையேற்ற எடைக்குறைப்பு குறித்த ஓர் ஆய்வு

மலைவேட்டைக்கு வேண்டியது உடல் வலுவா, எடை குறைந்த சாமானா என்பது பல தேசங்களில் தீராத வழக்கு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் நம்மவருக்கு வேட்டை போய், மலை மட்டும் மிஞ்சியது. ஆகவே பௌர்ணமிக்குப் பர்வதமலை ஏறப் புறப்படும் கோவிலம்பாக்கத்துக் கோஷ்டிகளை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டோம்.

கோவிலம்பாக்கம் புனித தோமையார்மலை ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது. மலை ஒன்றியத்தின் பெயரோடு சரி. ஊரில் சொல்லிக்கொள்ளும்படியான ஏற்றம் ரேடியல் சாலை மேம்பாலம்தான். அதை யாரும் நடந்து ஏறிப் பார்த்ததில்லை. இரண்டாம் மாடிக்கே லிஃப்ட் வரக் காத்திருக்கும் இம்மக்கள், சுமார் 4500 அடி மலைக்கு ஆயத்தமாகும் விதமே நம் ஆய்வுப்பொருள்.

கட்சிகள் இரண்டு. பைக்கட்சியார் டூத்பிரஷ் காம்பைப் பாதியாக அறுப்பவர்கள். 900 கிராம் பையைத் தவணையில் வாங்குபவர்கள். தொந்திக்கட்சியாரோ, "வயித்துல நாலு கிலோவ வெச்சுக்கிட்டு பையில நாலு கிராம் கொறைக்கிறியேப்பா" என்பார்கள். சொல்லிவிட்டு இன்னொரு போண்டா எடுப்பார்கள். காலில் ஏறும் எடை முதுகுச் சுமையைவிடப் பல மடங்கு களைப்பூட்டும் என்ற ராணுவ ஆய்வைப் பைக்கட்சி மேற்கோள் காட்டி, விலையுயர்ந்த ஷூவுக்கு நியாயம் கற்பிக்கிறது. வெறுங்காலில் முந்திச் செல்லும் பாட்டிகளை அது கணக்கில் சேர்ப்பதில்லை.

இருதரப்பும் கவனிக்கத் தவறிய முன்னோடி, நில அளவையாளர் வில்லியம் லாம்டன். 1802 ஏப்ரலில் பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்றுவரை ஏழரை மைல் அடிக்கோட்டை அளந்தவர்; கோடு நம் ஊர்ப் பக்கமாகத்தான் போனது. பிறகு அவருக்கு வந்துசேர்ந்த தியோடலைட் கருவியின் எடை அரை டன். 1808இல் அதைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி நசுங்கியது. மனிதர் அதைத் தட்டிச் சரிசெய்தாரே தவிர, இலேசான கருவி கேட்கவில்லை. கேட்பானேன்? தூக்கியவர்கள் கூலிக்காரர்கள். எடை குறைவதில்லை, ஆள் மாறுகிறது என்ற நம் கோட்பாட்டின் முதல் சான்று இது.

இரண்டாம் சான்று சமையலறையில் கிடைத்தது. தராசுக் கொக்கியில் பை தொங்குகிறது. பையன் பெருமிதத்தோடு எண்ணைப் பார்க்கிறான்.

"டேய், ரெண்டே டப்பாதான். புளியோதரை வெயிட்டே இருக்காது."

"அம்மா, வேணாம்மா..."

"தண்ணி ரெண்டு லிட்டர் வெச்சிருக்கேன்."

லிட்டருக்கு ஒரு கிலோ என்பது இயற்கை விதி. அம்மாவிடம் அது செல்லுபடியாகாது.

மூன்றாம் சான்று மலையிலேயே. பர்வதமலையில் இரும்புக் கம்பிகளை அறைந்த கடப்பாரைப் படியில் இரண்டு கையும் வேண்டும். அங்கே இருகட்சிப் பைகளும், கோஷ்டியிலேயே ஒல்லியான, எந்தக் கட்சியிலும் சேராத தம்பியின் முதுகுக்குப் போய்விடுகின்றன. உச்சியில் டப்பாக்கள் காலி. இறங்கும்போது பை மறுபடி 900 கிராம். புளியோதரை எங்கே போனது என்பதை முழங்கால்தான் சொல்ல வேண்டும்.