63ஆம் எண் காந்தாரம்

1986இல் கும்பகோணத்தில் எங்கள் மெல்லிசைக் குழுவில் பதினான்கு பேர் இருந்தோம். இரண்டு கீபோர்டு, லீட் கிட்டார், பேஸ் கிட்டார், டிரம்ஸ், தபேலா, டிரிபிள் பாங்கோ, புல்லாங்குழல், வயலின், பாடுகிறவர்கள் ஐந்து பேர். நான் இரண்டாவது கீபோர்டு. சினிமாவில் ஒரு கூட்டமே வாசித்த வயலின் பகுதிகளை 'ஸ்ட்ரிங்ஸ்' பொத்தானை அமுக்கி ஒற்றை ஆளாக வாசிப்பது என் வேலை. ஒரு அரிசி மண்டியின் மாடியில் ஒத்திகை நடக்கும். உமித்தூசு பட்டு வயலின்காரர் தும்மினால் எல்லோரும் பல்லவியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

புதுப் படத்தின் கேசட் வந்த நான்காம் நாள் திருவிழாக் கூட்டம் அந்தப் பாட்டைக் கேட்கும். அதற்குள் 'நோட்ஸ்' எடுத்தாக வேண்டும். எங்கள் குழுவில் அதைச் செய்தவர் முதல் கீபோர்டு வாசித்த அண்ணன். டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு, சரணத்துக்கு முன்னால் வரும் பிட்டை நாற்பது ஐம்பது முறை சுற்றிச் சுற்றிக் கேட்பார். பேட்டரி இறங்கினால் சுருதியும் இறங்கும். அதையும் மனதுக்குள் கணக்குப் பண்ணித் திருத்திக்கொண்டு கோடு போட்ட நோட்டில் எழுதுவார். ஸ்வரங்கள் தமிழில், கார்டுகள் ஆங்கில எழுத்தில், தாளக்கட்டு அவருக்கு மட்டுமே புரிந்த புள்ளிகளில். ஒரு கையால் எழுதும்போது மறு உள்ளங்கை எப்போதும் ஸ்பீக்கர் மீது இருக்கும். அது அவருடைய பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன்.

"தம்பி, பாட்ட ஊரே கேக்கும். நீ பேஸக் கேளு" என்பார். எனக்கு ஒன்றும் கேட்காது. தலையை மட்டும் ஆட்டுவேன்.

அந்த ஆண்டுக் கடைசியில் 'புன்னகை மன்னன்' வந்தது. இளையராஜா அதில் கணினியையும் சீக்வென்சரையும் பயன்படுத்தியிருந்தார். எங்களுக்கு அந்த விவரம் தெரியாது. அதன் தீம் இசையை மேடையில் வாசிக்க இரண்டு வாரம் முயன்றோம். டிரம்ஸ்காரர் வியர்த்துப்போய்க் குச்சிகளைக் கீழே வைத்தார். "இது மனுசன் வாசிச்சது இல்லண்ணே" என்றார். தோல்வியை ஒப்புக்கொள்கிறார் என்று அன்று நினைத்தோம். அவர் சொன்னது உண்மையான தகவல் என்று பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

பிறகு எனக்கு வேலை கிடைத்தது, மாற்றல் வந்தது, குழு கலைந்தது. கீபோர்டை விற்றேன்.

1998இல் ஒரு கணினி வாங்கினேன். அதன் சவுண்ட் கார்டில் ஜெனரல் மிடி என்ற முறைப்படி 128 ஒலிகள் இருந்தன. பதினான்கு பேர் செய்ததை இனி நான் ஒருவனே செய்யலாம் என்ற பரவசத்தில் அன்றிரவு முழுவதும் அந்தப் பட்டியலைக் கேட்டுத் தீர்த்தேன். பியானோ முதல் எண். வயலின் 41. சிதார் 105. ஷெனாய் 112. ஹெலிகாப்டர் சத்தத்துக்கும் கைத்தட்டலுக்கும்கூட எண் இருந்தது. வீணைக்கு இல்லை, நாகஸ்வரத்துக்கு இல்லை. தாள வாத்தியங்களுக்கென ஒதுக்கிய பத்தாவது சேனலில் பாங்கோவும் காங்கோவும் இருந்தன, மிருதங்கமும் தபேலாவும் இல்லை. பிறந்த ஊரின் பெயர் இல்லாத வரைபடத்தைப் பார்ப்பதுபோல் இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகுதான் முழுமூச்சாக உட்கார்ந்தேன். இப்போது மடிக்கணினி, நல்ல ஹெட்போன், இலவசமாகக் கிடைக்கும் மியூஸ்ஸ்கோர் மென்பொருள், மவுஸால் கோடு இழுத்துச் சுரத்தை வளைக்க உதவும் இன்னொரு மென்பொருள். முதலில் எடுத்தது 1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் கிட்டார் பாட்டு. திருவிழாவுக்குத் திருவிழா நாங்கள் வாசித்த பாட்டு. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு வரி என்று பிரித்து எழுதினேன். மூன்று வாரம் ஆயிற்று. இரண்டாவது வாரத்தில் ஓர் இரவு பேஸ் கிட்டாரை மட்டும் தனியாகப் பின்தொடர்ந்தேன். பாடகரின் மெட்டுக்குக் கீழே அது தனக்கென்று ஒரு மெட்டுப் பாடிக்கொண்டு போனது. நூறு மேடையில் வாசித்த பாட்டை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

அப்போதுதான் அண்ணனின் உள்ளங்கை நினைவுக்கு வந்தது. அந்தச் சின்ன டேப் ரெக்கார்டரின் ஸ்பீக்கரில் பேஸ் காதுக்குச் சரியாக எட்டியிருக்க முடியாது. அவர் அதைத் தொட்டுக் கேட்டிருக்கிறார்.

எழுதி முடித்ததை ஓடவிட்டால் எல்லாச் சுரமும் அதனதன் இடத்தில் சரியாக விழுந்தது. பாட்டில் உயிர் இல்லை. டிரம்ஸ் அடிகளைச் சில நூறில் ஒரு பங்கு வினாடி முன்னும் பின்னும் நகர்த்தினேன். ஒரே அழுத்தத்தில் இருந்த ஒலிகளுக்குத் தனித்தனி அழுத்தம் கொடுத்தேன். அன்று ஒரு மனிதர் கணினியைப் போல வாசிக்க முயன்று வியர்த்துப்போனார். இன்று கணினியை அவரைப் போல வாசிக்க வைக்க நான் இரவெல்லாம் விழித்திருக்கிறேன்.

சினிமாப் பாட்டில் கைபழகியதும் கர்நாடக சங்கீதத்துக்கு வந்தேன். முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாஹித்யங்கள் சிரமமே தரவில்லை. ஐரோப்பிய மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதத்தில் சாஹித்யம் அமைத்தவை அவை. இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டுக்கும் ஒன்று உண்டு. சங்கராபரணத்தின் சுரங்களில் நேராக நிற்பதால் கணினி அவற்றை அழகாகவே வாசித்தது. அந்தத் துணிச்சலில் தோடி வர்ணத்தைத் தொட்டேன்.

மிடியில் ஒவ்வொரு சுரஸ்தானத்துக்கும் ஓர் எண். ஒரு கட்டைச் சுருதியில் மத்திய ஸ்தாயி ஷட்ஜம் 60 என்றால் தோடியின் ரிஷபம் 61, காந்தாரம் 63, மத்யமம் 65. எண்களைச் சரியாகத்தான் கொடுத்தேன். வந்தது தோடி இல்லை. ஏதோ ஒரு மேற்கத்திய சோகம். தோடியின் காந்தாரம் 63இல் நிற்பதே கிடையாது. ரிஷபத்தை ஒட்டியும் மத்யமத்தை ஒட்டியும் ஆடுகிற அந்த அசைவுதான் காந்தாரம். மிடியில் 'பிட்ச் பெண்ட்' என்றொரு வசதி உண்டு. வழக்கமான அமைப்பில் ஒரு சுரத்தை இரண்டு அரைச்சுரம் மேலேயும் இரண்டு அரைச்சுரம் கீழேயும் வளைக்கலாம், 16,384 படிகளில். 63க்குக் கீழே இரண்டு 61, மேலே இரண்டு 65. தோடிக்கென்றே அளந்து வைத்ததுபோல் இருந்தது. அழகான அலைக்கோடு ஒன்றை வரைந்து எல்லாக் காந்தாரங்களுக்கும் ஒட்டினேன்.

பக்கத்துத் தெருவில் வயலின் சொல்லித்தரும் ஓர் அம்மாள் இருக்கிறார். அவருக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். "சார், எல்லாக் காந்தாரமும் ஒரே மாதிரி அசையுது. எந்த ஸ்வரத்துலேர்ந்து வர்றோம், அடுத்தது எங்க போறோம்னு பாத்துத்தான் அது அசையும். நீங்க பாடிப் பாத்துட்டு வரைங்களேன்" என்றார்.

யாருடைய தயவும் தேவைப்படாது என்று வாங்கிய கணினி என்னை ஒரு குருவின் முன்னால் சம்மணம் போட வைத்தது. மாயாமாளவகௌளையில் சரளி வரிசையிலிருந்து தொடங்கினேன். இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது முதலில் பாடுகிறேன், பிறகு வரைகிறேன். வர்ணத்தின் பல்லவி முடிந்திருக்கிறது. ஒவ்வொரு காந்தாரத்துக்கும் ஒரு தனிக் கோடு.

இந்த வேலையில் இறங்கியதால்தான் ஏ. எம். சின்னசாமி முதலியாரைப் பற்றித் தேடிப் படித்தேன். நம் கீர்த்தனைகளை ஐரோப்பியர்களின் ஐந்து கோட்டு முறையில் எழுதி 1893இல் சென்னையில் அச்சிட்டவர். மவுஸ் இல்லாமல், ஓடவிட்டுச் சரிபார்க்கும் வசதி இல்லாமல், பாடியதைக் காதால் கேட்டுக் கையால் எழுதினார். எட்டயபுரம் சுப்பராம தீட்சிதரைத் தம் குடும்பச் சொத்தான கிருதிகளை நூலாக்கும்படி வற்புறுத்தியவரும் அவரே. 1904இல் அது 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற பெயரில் வெளிவந்தபோது முதலியார் உயிரோடு இல்லை. அந்நூலில் கம்பிதம், ஸ்புரிதம், நொக்கு, ரவை என்று கமகங்களுக்கு, அதாவது சுர அசைவுகளுக்கு, தனித்தனி அடையாளம் போட்டிருக்கிறார்கள். என் அலைக்கோடுகளுக்கு அவைதான் முன்னோர். எழுதி வைத்ததால் நமக்குக் கிடைத்தது.

எங்கள் அண்ணனும் எழுதித்தான் வைத்தார். அவர் போன பிறகு, சென்ற ஆண்டு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். "இருபது இருபத்தஞ்சு நோட்டு இருந்துச்சு தம்பி, வீடு மாத்தும்போது எடைக்குப் போட்டுட்டோம்" என்றார் அண்ணி. பரணில் ஒன்று மிஞ்சியிருந்தது. பாதியைக் கரையான் தின்றுவிட்டது. மீதியில் பதினொரு பாட்டுக்கு நோட்ஸ் இருக்கிறது. ஒன்பதைக் கணினியில் ஏற்றிவிட்டேன். மூல ஒலிப்பதிவோடு ஒத்துப் பார்த்ததில் பேஸ் வரிகளில் ஒரு பிழைகூட இல்லை.

உங்கள் ஊரிலும் ஒரு மெல்லிசைக் குழு இருந்திருக்கும். அந்தக் கீபோர்டுக்காரர் வீட்டில், அல்லது பேண்டு மாஸ்டர் வீட்டில், இப்படி ஒரு நோட்டு பரணில் கிடக்கலாம். எடைக்குப் போவதற்கு முன்னால் போய்க் கேளுங்கள். செல்போனில் ஒவ்வொரு பக்கமாகப் படமாவது எடுத்து வையுங்கள்.