முனைவர் ஆகும் முன்னே...

கேள்வி: வீடு வானகரம், வேலை அம்பத்தூர் எஸ்டேட். வேலையை விடாமல் பொறியியலில் பி.எச்டி. செய்ய முடியுமா?

பதில்: தாராளமாக! யு.ஜி.சி.யின் 2022 விதிமுறைகள் பகுதி நேர ஆய்வை அனுமதிக்கின்றன. ஆனால், 'ஆய்வுக்கு நேரம் கொடுப்போம்' என்று உங்கள் நிறுவனம் தடையில்லாச் சான்று தர வேண்டும். லீவு லெட்டருக்கே முகம் சுளிக்கும் மேனேஜரிடம் அதை வாங்கிவிட்டால், நீங்கள் பாதி டாக்டர்!

கேள்வி: வெறும் பி.இ.தான் படித்திருக்கிறேன். நேரடியாகச் சேரலாமா?

பதில்: நான்காண்டுப் பட்டப்படிப்பில் 75 சதவீத மதிப்பெண் இருந்தால் அதே விதிமுறைகள் கதவைத் திறக்கின்றன. ஆனால், ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் வாசலில் தனியாக ஒரு பூட்டு வைத்திருக்கும். அறிவிப்பைக் கடைசி வரி வரை படித்துவிட்டுக் கட்டணம் கட்டுங்கள்.

கேள்வி: எத்தனை வருஷம் ஆகும்? வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிறது.

பதில்: குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் மேலும் 2. பெண்களுக்கு இன்னும் 2 ஆண்டு சலுகை உண்டு. கல்யாணத்தை முதலில் முடியுங்கள். மண்டபம் அத்தனை வருஷம் காத்திருக்காது!

கேள்வி: நல்ல நெறியாளரைப் பிடிப்பது எப்படி?

பதில்: ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பேருக்குத்தான் வழிகாட்டலாம், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4. எனவே இடம் காலியா என்று முதலில் விசாரியுங்கள். அவருடைய இரண்டு கட்டுரைகளையாவது படித்துவிட்டு மெயில் போடுங்கள். அவரிடம் படித்த மாணவர்களிடமும் ரகசியமாகப் பேசுங்கள். தலைப்பைப் பாதியில் மாற்றலாம். நெறியாளரை மாற்றுவதுதான் பெரும்பாடு.