எழுத்தாளனைப் போற்றிய பெருந்தகைகள்

கதை எழுதுகிறவனின் அருமை தெரிந்த இடம் பூமியில் ஒன்று இருந்ததென்றால் அது 1940-களின் ஹாலிவுட்தான். அதிலும் பேய்ப்படங்களுக்குப் பேர்போன யூனிவர்சல் ஸ்டூடியோ, கர்ட் சியோட்மாக் என்ற திரைக்கதையாசிரியரைப் போற்றிய விதத்தை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

சியோட்மாக் 1902-இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் பிறந்த யூதர். அங்கே பெயர் பெற்ற நாவலாசிரியர். 1933-இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் கிளம்பியவர், இங்கிலாந்தில் சில ஆண்டுகள் எழுதிவிட்டு 1937-இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். நாடும் போய், எழுதும் பாஷையும் போய் வந்தவரை மேலும் சிரமப்படுத்தலாமா? ஸ்டூடியோக்காரர்கள் இரக்கமுள்ளவர்கள். ‘தி வுல்ஃப் மேன்’ படத்துக்கு அவரை அழைத்தபோது என்ன நடந்தது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். தலைப்பு தயார். நடிகர்கள் தயார். பட்ஜெட் 1,80,000 டாலர். பத்து வாரத்தில் படப்பிடிப்பு. போய் வாருங்கள். மாப்பிள்ளை, மண்டபம், முகூர்த்தம் எல்லாம் நாங்கள் பார்த்துக்கொண்டோம், பெண்ணை மட்டும் நீங்கள் பெற்றுக் கொடுத்தால் போதும் என்கிற பெருந்தன்மை எத்தனை பேருக்கு வரும்!

பெற்றுக் கொடுத்தார். மனிதன் ஓநாயாகும் கதை ஐரோப்பாவில் பழையதுதான். ஆனால் ஓநாய்மனிதன் அடுத்துக் கொல்லப்போகிறவரின் உள்ளங்கையில் அவன் கண்ணுக்கு மட்டும் நட்சத்திரம் தெரிவது, வெள்ளிப்பிடி போட்ட கைத்தடியால் அடித்தால் அவன் சாவது, ஊரார் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லும் ஒரு நான்கு வரிப் பாட்டு — இவற்றையெல்லாம் திரையில் நிலைநிறுத்தியவர் இவர். பாட்டை நூற்றாண்டுப் பழமையான நாட்டுப்பாடல் என்றே பலர் நம்பினார்கள். எழுதினவன் பெயரே தெரியாத அளவுக்கு ஒரு பாட்டு புகழடைவதைவிட வேறென்ன பேறு வேண்டும்?

அந்த நட்சத்திரத்தை யோசித்துப் பாருங்கள். படம் வெளிவந்தது 1941 டிசம்பரில். அதே ஆண்டு செப்டம்பரில்தான் ஜெர்மனியில் யூதர்கள் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆணை வந்தது. படத்தில் இருந்தது ஐந்து முனை, அங்கே ஆறு முனை. நல்லவன் ஒருவன், தான் கேட்டு வாங்காத விதியால் ஊரே துரத்தும் மிருகமாகிறான். அந்தக் கதையை எழுதியவன் எங்கிருந்து ஓடிவந்தான் என்பதையெல்லாம் கிளறி அவர் மனதைப் புண்படுத்த ஸ்டூடியோ விரும்பவில்லை. அவ்வளவு நாகரிகம்.

முதலில் எழுதிய கதையில் நாயகன் உண்மையிலேயே ஓநாயாகிறானா, ஆவதாக அவனே நினைத்துக்கொள்கிறானா என்று தெளிவாகச் சொல்லாமல் விட்டிருந்தார் சியோட்மாக். ரசிகர்களுக்குச் சந்தேகம் உடம்புக்கு ஆகாதே! ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ், லான் சேனி ஜூனியரின் முகத்தில் யாக் மாட்டு மயிரை ஒட்டி ஐயத்தை நீக்கிவைத்தார். (ஒப்பனை அருமை. இதை வஞ்சப்புகழ்ச்சி இல்லாமலே சொல்கிறேன்.)

ஓநாய்மனிதனின் அடுத்த படம் பிறந்த கதை இன்னும் உசத்தி. சியோட்மாக் சாப்பாட்டு மேசையில் ஒரு கேலிக்காக, பிராங்கன்ஸ்டைனும் ஓநாய்மனிதனும் சந்தித்தால் எப்படி இருக்கும் என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் வாக்னரிடம் உளறினாராம். வாக்னர் சிரிக்கவில்லை. சியோட்மாக்குக்கு அப்போது ஒரு கார் வாங்கும் ஆசை. பார்க்கும்போதெல்லாம் வாக்னர் கேட்டது ஒன்றுதான்: கார் வாங்கியாச்சா? வாங்கியாச்சு என்றதும், சரி, அந்தக் கேலிப்படத்தை எழுது என்றாராம். கடன்பட்ட எழுத்தாளன் மறுக்கமாட்டான் என்பதைக் கண்டுபிடித்துப் பொறுமையாகக் காத்திருந்த அந்த மேதையை எப்படிப் பாராட்டுவது!

எழுதினார். அதில் பிராங்கன்ஸ்டைனின் பூதத்துக்குக் கண் தெரியாது, ஆனால் பேசும். பெலா லுகோசி பேசி நடித்தார். எடுத்துப் பார்த்த பிறகு ஸ்டூடியோ அந்த வசனங்களை முழுக்க வெட்டியது. கண் தெரியாது என்று சொல்லும் இடங்களும் சேர்ந்தே போயின. மிச்சமானது, காரணமே இல்லாமல் இரண்டு கையையும் முன்னால் நீட்டித் தடுமாறி நடக்கும் பூதம். இன்றைக்கும் பிராங்கன்ஸ்டைன் பூதம் என்றால் பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு நடப்பது அந்தக் கத்தரிக்கோலின் கைங்கரியம். சியோட்மாக் எழுதியது உலகப்புகழ் பெற்றதைவிட, அவர் எழுதியதை வெட்டியது கூடுதலாகப் புகழ் பெற்றிருக்கிறது.

இந்தப் பண்பாடு வீட்டுக்குள்ளும் பரவியது. ‘சன் ஆஃப் டிராகுலா’ படத்துக்கு இயக்குநராக வந்தவர் இவருடைய சொந்த அண்ணன் ராபர்ட். வந்ததும் அவர் செய்த முதல் காரியம், தம்பியை வேலையிலிருந்து நீக்கியது. சொன்னது தம்பிதான்.

ஐம்பதுகளில் அமேசான் காட்டு மிருகம், அணுமூளை ராட்சதன் என்று சில்லறைப் படங்களில் அவர் பிழைத்துக்கொண்டார். 1997-இல் அமெரிக்க அஞ்சல்துறை பேய்ப்படப் பாத்திரங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. ஓநாய்மனிதனாக அதில் லான் சேனி ஜூனியரின் மயிரடர்ந்த முகம். 95 வயதில் கலிஃபோர்னியாவில் உயிரோடிருந்த எழுத்தாளரைத் தபால்தலையில் ஒட்டிச் சங்கடப்படுத்தவில்லை.

2000 செப்டம்பரில் சியோட்மாக் காலமானார். 2010-இல் யூனிவர்சல் ‘தி வுல்ஃப் மேனை’ மறுபடி எடுத்தது. செலவு சுமார் 15 கோடி டாலர். மூலத் திரைக்கதை கர்ட் சியோட்மாக் என்று, வாக்குத் தவறாமல், பெயரையும் போட்டார்கள்.