சாவி யார் கையில்?

கேள்வி: வீட்டிலேயே முறுக்கும் அதிரசமும் செய்து விற்கிறேன். அகப்பக்கம் செய்து தர ஈப்போவில் இருவர் விலை சொல்லியிருக்கிறார்கள். யாரிடம் கொடுப்பது?
– ஒரு வாசகி, செமோர்

பதில்: விலையை அப்புறம் பாருங்கள், அம்மா. "இணைய முகவரியை யார் பெயரில் பதிவீர்கள்?" என்று இருவரையும் கேளுங்கள். "என் பெயரில்தான்" என்பவர், கடையைக் கட்டிக் கொடுத்துவிட்டுச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொள்பவர். அவர் வேண்டாம். மலேசிய நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம்மில் வியாபாரத்தைப் பதிந்திருந்தால் '.காம்.எம்ஒய்' முகவரியை உங்கள் வியாபாரத்தின் பெயரிலேயே வாங்கலாம். கடவுச்சொல்லும் உங்களிடமே இருக்கட்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்க என்ன செலவு என்பதையும் கேட்டு வையுங்கள்.

அவர்கள் முன்பு செய்த பக்கங்களை உங்கள் கைப்பேசியில், வைஃபை இல்லாமல் திறந்து பாருங்கள். முறுக்குப் படம் வருவதற்குள் வாடிக்கையாளரின் பசியே போய்விடக் கூடாது! தமிழைப் படமாக ஒட்டாமல் யூனிகோட் எழுத்தாகவே போடச் சொல்லுங்கள். தேடுபவர்களுக்கு அப்போதுதான் உங்கள் பக்கம் எளிதில் அகப்படும். "தமிழ் சரியாக வராதே" என்றால் நம்பாதீர்கள். ஆப்பிள் கருவிகளில் வந்த இணைமதி எழுத்துருவைச் செய்தவரே நம் மலேசியர் முத்து நெடுமாறன்தான்.

இத்தனைக்கும் நேராகப் பதில் சொல்பவரிடம் முன்பணம் கொடுங்கள். தீபாவளி ஆர்டர் தொடங்குமுன் முடித்துத் தரும் தேதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.