கீலுக்கும் ஒரு ஹால்மார்க் வேண்டி விண்ணப்பம்

அனுப்புநர்:
உப்புக் காற்றில் குடியிருப்போர்,
உப்பளக் கரை, மரக்காணம்,
விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு தலைமை இயக்குநர் அவர்கள்,
இந்திய தர நிர்ணய அமைவனம்,
மானக் பவன், புது தில்லி.
(வழி: தரமணி அலுவலகம், சென்னை)

பொருள்: சமையலறை அலமாரிக் கீல், சேனல், கைப்பிடி வகையறாவுக்கு எவ்வளவு செலவழிப்பது எனத் தெரியாமை – எங்கள் அடுப்பங்கரைகளைச் சோதனைக்கூடமாக அங்கீகரிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. கீல் டப்பாவுக்குள் கிடந்த துண்டுச் சீட்டு, நாளிடப்படாதது.
2. வங்காள விரிகுடாவின் தொடர் நடவடிக்கை, நாள்தோறும்.

ஐயா,

வீட்டில் மாடுலர் கிச்சன் போடுகிறோம். பலகை, கிரானைட், டைல்ஸ் எல்லாம் சதுர அடிக் கணக்கில் சண்டையில்லாமல் முடிந்தன. கீலில் வந்துதான் வீடு இரண்டுபட்டது. உள்ளே மறைந்திருக்கிற சாமானுக்கு எதற்கு இவ்வளவு காசு என்கிறது ஒரு கட்சி. நாளைக்குக் கதவு கையோடு வந்தால் யார் பிடிப்பது என்கிறது இன்னொரு கட்சி. நடுநிலை வகிக்க வேண்டிய கடைக்காரர், "எஸ்.எஸ். சார், துருவே பிடிக்காது" என்று சொல்லிவிட்டு பில் புத்தகத்தைத் திறந்தார். ஆதாரத்துக்கு அவர் நீட்டியதுதான் பார்வை 1-இல் காணும் சீட்டு: உப்புத் தெளிப்புச் சோதனையில் 48 மணி நேரம் தேறியதாம்.

48 மணி நேரம் என்றால் இரண்டு நாள். மூன்றாம் நாள் என்ன ஆயிற்று என்று சீட்டு சொல்லவில்லை. கல்யாணமான இரண்டு நாளைக்கு எல்லா மாப்பிள்ளையும் தங்கம்தான்.

அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று விசாரித்தோம். மூடிய கூண்டு, உள்ளே 35 டிகிரி சூடு, 100 பங்கில் 5 பங்கு உப்புக் கரைத்த நீரைப் பனிபோல விடாமல் தெளிப்பார்கள். கேட்டதும் உள்ளூரில் எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. 35 டிகிரிக்கு எங்கள் ஊரில் மாசி கடைசி என்று பெயர். கடலில் இருப்பது மூன்றரைப் பங்கு உப்பு. ஆனால் அளத்தில் நீர் பாத்திக்குப் பாத்தி மாறிக் காய்ந்து, அடர்த்தியை அளக்கும் போமே மானியில் 25 டிகிரியைத் தொடும்போதுதான் உப்பு பூக்கும். அந்தப் பாத்திகளைத் தடவிக்கொண்டு வருகிற காற்றுதான் எங்கள் சமையலறை ஜன்னல் வழியே நுழைகிறது. உங்கள் கூண்டில் ஒரு கீல் இரண்டு நாள் இருந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடும். எங்கள் கூண்டில் கீலும் நாங்களும் ஆயுளுக்கும் இருக்கிறோம்.

இன்னொன்றும் தெரிய வந்தது. அந்தக் கூண்டுக்கு எங்கள் உப்பு ஆகாதாம்! கலப்படம் மொத்தம் அரை சதவீதத்துக்குள் இருக்கும் சுத்தமான உப்புதான் வேண்டுமாம். எங்கள் உப்பிலோ மக்னீசியமும் கால்சியமும் ஒட்டிக்கொண்டு வரும். மழைக்காலத்தில் கல்லுப்புச் சாடியின் அடியில் தண்ணீர் கட்டுகிறதே, அது அந்த மக்னீசியம் குளோரைடு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிற வேலை. அதே உப்புத் தூள் கீலின் மீது படிந்தால், வெயில் நாளிலும் கீல் முழுதாக உலர்வதில்லை. அதாவது, சோதனைக்கு வைத்திருப்பது சாதுவான உப்பு. நிஜமாகத் தின்கிற உப்பு தகுதியில்லை என்று வாசலிலேயே நிற்கிறது.

இதையெல்லாம் நாங்கள் குற்றமாகச் சொல்லவில்லை. இந்தச் சோதனையின் முறையை வகுத்த ஐ.எஸ்.ஓ. 9227 என்ற உலகத் தரக் குறிப்பே, கூண்டில் தேறுவதற்கும் வெளியில் பிழைப்பதற்கும் நேரடித் தொடர்பு அரிதாகவே இருக்கும் என்று ஒப்புக்கொள்கிறது. முலாம் ஒரே சீராக ஏறியிருக்கிறதா, இந்த மாதச் சரக்கு போன மாதச் சரக்குபோல் இருக்கிறதா என்று ஆலைக்காரர் பார்த்துக்கொள்ள உதவும் சோதனை அது. அதை டப்பாவில் அச்சடித்து ஆயுள் உத்தரவாதம்போலக் காட்டுவது விற்பனைத் துறையின் தனித் திறமை.

உலோகம் கடலோரத்தில் எத்தனை வருடம் தாங்கும் என்று தெரிய வேண்டுமானால், அதைக் கடலோரத்தில் வைத்து வருடக்கணக்கில் பார்ப்பதுதான் வழி. இந்த ஞானம் நாட்டுக்குப் புதிதில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம், மண்டபத்தில் கடற்கரை ஓரமாகவே தகடுகளை மாட்டி வைத்து அரிப்பை அளந்து வந்திருக்கிறது. மண்டபத்தில் சம்பளம் கொடுத்துச் செய்கிற வேலையை மரக்காணத்தில் நாங்கள் சொந்தக் காசில் செய்துகொண்டிருக்கிறோம். போதாக்குறைக்குச் சிறப்புச் சோதனைகளும் உண்டு. 2020-இல் நிவர், 2024-இல் ஃபெஞ்சல் என்று புதுச்சேரியை ஒட்டிக் கரையேறுகிற புயல்கள் எங்கள் கீல்களையும் விசாரித்துவிட்டுத்தான் போகின்றன.

ஆகவே எங்கள் ஆய்வு முடிவுகளைத் தங்கள் மேலான பார்வைக்குச் சமர்ப்பிக்கிறோம்.

கீல் துருப்பிடிப்பது பளபளப்பான தகட்டில் இல்லை. கதவைத் திறந்து, டார்ச் அடித்து, பலகையில் பதிந்திருக்கும் அந்தக் கிண்ணத்துக்குள் பாருங்கள். முதலில் டிகாக்‌ஷன் நிறத்தில் ஒரு கறை, ஆணிமுனையும் தகடும் சந்திக்கிற இடத்தில். அடுத்து, மடங்கும் கையின் உள்ளே இருக்கிற ஸ்பிரிங். அதற்கடுத்து ஸ்க்ரூ. கீலை எஸ்.எஸ். என்று விற்றவர் கூடவே கொடுக்கிற ஸ்க்ரூ முலாம் பூசிய சாதா இரும்பாக இருக்கும். ஸ்டார் பள்ளம் துருவில் நிரம்பியதும் திருப்புளிக்குப் பிடி கிடைக்காது. கழற்றவும் முடியாது, முடுக்கவும் முடியாது. துத்தநாக வார்ப்புக் கைப்பிடியாக இருந்தால் முலாம் கொப்பளித்து வெள்ளைப் பொடி பூக்கும்.

மிக வேகமாகக் கீல் சாகிற இடம் சிங்க் அடியில். காரணம் கடல் மட்டுமில்லை. பாத்ரூம் கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் அங்கேதான் வைக்கிறோம். மூடி லேசாகத் தளர்ந்திருந்தால்கூட, அந்தப் புகை மூடிய அலமாரிக்குள் சுற்றிச் சுற்றி வந்து எஸ்.எஸ்ஸையும் தின்றுவிடும். இந்த ஆசிட் பாட்டிலைக் கொல்லைப்புறத்துக்கு மாற்றுவதற்குச் செலவு பூஜ்யம். எந்த டப்பாவிலும் இதை அச்சடித்திருக்கவில்லை.

எஸ்.எஸ். என்ற இரண்டெழுத்தைப் பற்றியும் தங்களிடம் சொல்லியாக வேண்டும். 304 என்றால் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீத அளவில். 202 என்றால் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு போட்டு ஒப்பேற்றியது. 316 என்றால் இரண்டு மூன்று சதவீதம் மாலிப்டினமும் சேர்ந்தது; உப்புக்கு எதிரில் இவற்றில் நிமிர்ந்து நிற்பது அதுதான். மூன்றும் எஸ்.எஸ்.தான். மூன்றும் கடை விளக்கில் ஒரே மாதிரி மின்னும். கடைக்காரர் காந்தத்தை எடுத்துக் காட்டி, "பாருங்க, ஒட்டலை, ஒரிஜினல்" என்பார். 202-லும் காந்தம் ஒட்டாது என்று அவரும் சொல்வதில்லை, காந்தமும் சொல்வதில்லை. 1981 முதல் சேலத்தில் இரும்பாலை வைத்து எவர்சில்வர் தகடு உருட்டுகிற மாநிலத்தில், எங்கள் தர நிர்ணயக் கருவி பிரிட்ஜில் ஒட்டியிருந்த பிள்ளையார் பொம்மையின் காந்தம்.

இனி காசுக் கணக்கு. ஒரு சமையலறைக்கு 12 கதவு, கதவுக்கு இரண்டு கீல், ஆக 24. ஒன்று 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2,400. நல்லது 300 என்றால் 7,200. முதல் கட்சி இதோடு பேச்சை முடித்துக்கொள்கிறது. ஆனால் மலிவுக் கீல் உப்புக் காற்றில் இரண்டு வருடம் ஓடும் என்று வைத்தால், பத்து வருடத்தில் ஐந்து செட்டு, 12,000 ரூபாய். ஒவ்வொரு தடவையும் ஆசாரி கூலி தனி. அதைவிட மோசம், ஓட்டை. பார்ட்டிகிள் போர்டில் ஒரே ஓட்டையில் ஸ்க்ரூவைக் கழற்றிக் கழற்றி மாட்டினால் மூன்றாம் தடவை பிடிப்பு போய்விடும். தீக்குச்சியைச் செருகி முடுக்குகிற வித்தை அங்கே தொடங்குகிறது. கீல் போனால் கீலை மாற்றலாம். ஓட்டை போனால் கதவையே மாற்ற வேண்டும்.

அதற்காக 24-க்கும் ராஜ வைத்தியம் தேவையில்லை. சிங்க் அடி, அடுப்பு ஓரம், ஜன்னலுக்கு நேர் எதிர் என்று நான்கைந்து கதவுகள்தான் அடி வாங்குபவை. அங்கே கூச்சமில்லாமல் செலவழிக்கலாம். மற்றதுக்கு நடுத்தரம் போதும். கைப்பிடியில் மிச்சம் பிடிக்கலாம். பலகையிலேயே பள்ளம் வெட்டிவிட்டால் கைப்பிடியே வேண்டாம். விருந்தாளி பார்ப்பது கைப்பிடியை, வீட்டைத் தாங்குவது கீல். ஊர் முழுக்க இதைத் தலைகீழாகச் செய்கிறது.

எங்கள் முன்னோர் இந்தச் செலவை எப்படித் தீர்த்தார்கள் என்பதும் பதிவாக வேண்டும். அவர்கள் உப்புக்கு எதிரில் இரும்பை நிறுத்தவே இல்லை. கட்டுமரத்தில் ஆணி கிடையாது, கயிறுதான். இந்தக் கரையில் அலை தாண்டிய மசூலா படகைப் பலகையோடு பலகை சேர்த்துக் கயிற்றால் தைத்தார்கள். அளத்தில் உப்பு வாருகிற பலகை மரம். வீட்டில் உப்பு இருந்தது மரவையிலும் சாடியிலும். அவர்களுடைய ஹார்டுவேர் பட்ஜெட் பூஜ்யம், புகாரும் பூஜ்யம்.

அந்தப் பூஜ்ய பட்ஜெட் இன்றும் சில வீடுகளில் நடைமுறையில் உள்ளது. அளத்தில் வேலை பார்ப்பவர்களின் வீடுகளில் போய்ப் பாருங்கள். சுவரில் கடப்பைக்கல் தட்டு, கதவு கிடையாது, கீல் கிடையாது. உங்கள் கூண்டில் வருடக்கணக்கில் வைத்தாலும் தேறும். ஆனால் அது அழகுணர்ச்சியால் வந்த தேர்வு இல்லை. தை, மாசியில் தொடங்குகிற வேலை ஐப்பசி மழையோடு நின்றுவிடும். வேலையில்லாத அந்த மழை மாதங்களுக்கென உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்குத் தமிழக அரசு 2022 முதல் 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. எங்கள் வீட்டில் கீலுக்கு மட்டும் நாங்கள் போட்ட கணக்கு 7,200. விலை விழுந்த மாதத்தில் ஒரு மூட்டை உப்பை விற்றாலும் ஒரு நல்ல கீல் வராது. உலகத்துக்கே உப்பு வாரித் தருகிறவர் வாங்கக்கூடிய கீல், உப்பைத் தாங்காத கீல் ஒன்றுதான். அவர் ஏமாந்தால் அடுத்த செட்டு வாங்க அவரிடம் இரண்டாவது 2,400 இருக்காது. ஆகவே, டப்பாவில் உண்மை எழுதியிருக்க வேண்டிய அவசியம் எங்களைவிட அவருக்குத்தான் அதிகம்.

இந்த இடத்தில் தங்கத்தை நினைத்துப் பொறாமைப்படுகிறோம். 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு எழுத்தெண் கொண்ட தனி அடையாளம் இல்லாமல் ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது என்று ஆக்கினீர்கள். நகைக்கு யோக்கியதை கேட்கிற உலகம் வந்தது, நல்லது. ஆனால் தங்கம் துருப்பிடிக்காது ஐயா. எந்த நிலையிலும் துருப்பிடிக்காத உலோகத்துக்கு அத்தனை எழுத்து. கண் எதிரில் துருப்பிடிக்கிற கீலுக்கு எஸ்.எஸ். என்ற இரண்டே எழுத்து.

எனவே கீழ்க்காணும் கோரிக்கைகளைப் பரிசீலிக்க வேண்டுகிறோம்:

1. கீலின் கிண்ணத்தில், 304, 202 எதுவானாலும், அதன் உண்மையான எண்ணைப் பொறிக்கச் செய்ய வேண்டும். ஸ்பிரிங்குக்கும் ஸ்க்ரூவுக்கும் வேறு எண் என்றால் அதையும் டப்பாவில் போட வேண்டும்.

2. உப்புத் தெளிப்பு மணி நேரத்தை அச்சடிப்பவர்கள், "வீட்டு ஆயுளுக்கு இது கணக்கில்லை" என்ற வரியையும் அதே எழுத்தளவில் அச்சடிக்க வேண்டும்.

3. கடலோரத்துக்கு உகந்தது எது, உள்நாட்டுக்குப் போதுமானது எது என்று டப்பாவில் பிரித்துக் காட்ட வேண்டும். விழுப்புரத்துக்குச் சரிப்படும் கீலை மரக்காணத்துக்கும் தள்ளிவிடுகிறார்கள். இரண்டும் ஒரே மாவட்டம்தானே என்கிறார்கள்.

4. மரக்காணம் சமையலறைகளைக் கள ஆய்வு நிலையமாக அறிவித்து, கீல் கழன்ற கதவைக் காலால் தாங்கிப் பிடித்தபடி சாம்பார் தாளிக்கிற அனைவருக்கும் ஆய்வு உதவியாளர் படி வழங்க வேண்டும்.

நான்காவது கோரிக்கையை நிதி நெருக்கடி காரணமாக நிராகரித்தாலும் வருந்த மாட்டோம். முதலாவதை நிராகரிக்க அந்தக் காரணம் செல்லாது. ஓர் எண்ணைப் பொறிக்க ஆகும் செலவு எவ்வளவு என்று எங்களுக்குக் கணக்குப் போடத் தெரியும். கொஞ்ச நாளாக எங்களுக்கு வேறு வேலையே இல்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருப்பதால் கையொப்பம் கோணல்)

இணைப்பு: துருப்பிடித்த கீல் ஒன்று. உறையின் மேல் படிந்துள்ள பழுப்புக் கறை தபால் துறையின் குறைபாடு அல்ல.

நகல்:
1. கடைக்காரர், தகவலுக்காக. காந்தம் தனியாகத் திருப்பி அனுப்பப்படுகிறது.
2. வங்காள விரிகுடா, உரிய நடவடிக்கைக்காக அல்ல. ஏற்கெனவே எடுத்தது போதும்.